பரங்கிமலைக்குப் போன மீன் குழம்பு

மெட்ராஸில் பிறந்தவனுக்கு மேடு என்றால் என்னவென்று தெரியாது. எங்களுக்குத் தெரிந்த பெரிய ஏற்றமெல்லாம் பாலம்தான். அடையாறு பாலத்தில் ஏறி இறங்கிவிட்டு வந்தாலே, வீட்டில் காலை நீட்டி உட்கார்ந்து வெந்நீர் கேட்கிற ரகம் நாங்கள். அப்படிப்பட்ட ஊரில் பிறந்துவிட்டு, சைக்கிளிலேயே மலை ஏறுகிறேன் என்று வாயைக் கொடுத்தவன் நான். (கொடுத்தது வாய், வாங்கினது முதுகு.)

யுத்தம் முடிந்தும் ரேஷன் முடியாத காலம் அது. மயிலாப்பூரில் எனக்குச் சாப்பாட்டுக் கேரியர் தூக்குகிற வேலை. காலையில் வீடு வீடாகப் போய்க் கேரியர்களை வாங்கி, சைக்கிளுக்குப் பின்னால் கட்டியிருக்கும் மரப்பெட்டியில் அடுக்கி, சூடு ஆறுவதற்குள் பாரிமுனை ஆபீஸ்களில் கொண்டுபோய் வைக்க வேண்டும். பள்ளிக்கூடத்துப் பக்கம் நான் ஒதுங்கியதே வாத்தியாருக்குச் சாப்பாடு கொடுக்கத்தான். ஆனால் ஒன்று, என் கையில் வந்த ரசம் ஒரு நாளும் சிந்தியது கிடையாது. இந்த ஒரு பெருமைதான் என்னைக் கெடுத்தது.

சைதாப்பேட்டையில் சரோஜா என்ற பெண்ணை எனக்குப் பேசி, தாம்பூலமும் மாற்றியாகிவிட்டது. அவளுக்கு அப்பா இல்லை. அப்பாவின் அண்ணன் பட்டாளத்தில் இருந்தார். எங்கள் தாம்பூலம் முடிந்த பிறகு அவர் ஊர் திரும்பி, பரங்கிமலை அடிவாரத்தில் வீடு எடுத்துக்கொண்டு குடியேறினார். முறுக்கு மீசை. வீட்டுக்குள்ளும் பூட்ஸ். பட்டாளத்து மாமா என்று நான் மரியாதையாகச் சொல்வேன், அவர் காதில் விழுகிற தூரத்தில்.

ஆசீர்வாதம் வாங்கப் போன என்னை, பெண் வீட்டார் நாலு பேர் முன்னால் ஏற இறங்கப் பார்த்தார்.

"நான் பர்மாவுல சாவக் கெடக்கறேன். நீங்க இங்க தாம்பூலம் மாத்திக்கினு கீறீங்க. அது செல்லாது" என்றார். "சோத்துக் கேரியர் தூக்கறவனுக்கா எங்கூட்டுப் பொண்ணு? தம்மு வேணாம்?"

பேசாமல் காலில் விழுந்திருக்கலாம். நான் விழவில்லை.

"தம்மா? மாமா, என் காலு ரெண்டும் இரும்பு. வர்ற ஞாயித்துக்கெழமை எங்க பேட்டை வாலிபர் சங்கத்துல சைக்கிள் ஊர்கோலம் வுடறாங்க. மைலாப்பூர் கொளத்தாண்ட கெளம்பி இதே மலை உச்சிக்குத்தான் வர்றாங்க. பாருங்க, மலைய அப்டியே முழுங்கிடுவேன்."

மாமா மீசையைத் தடவினார். பட்டாளத்துக்காரர் மீசையைத் தடவும்போது எதிரி ஓடிவிட வேண்டும் என்பது எனக்கு அப்போது தெரியாது.

"சரி. நான் உச்சியில நிக்கறேன். மலையில கால வெச்ச எடத்துலருந்து, உன் காலு தரையில படாம மேல வந்து சேரு. அன்னிக்கே மொகூர்த்தம் வெக்கறேன். காலு கீழ பட்டுது, மாத்துன தாம்பூலத்த திருப்பிக் குட்த்துடுவேன்."

இப்படித்தான் என் கல்யாணத்தை ஒரு பெடல் மேல் தொங்கவிட்டுவிட்டு வீடு திரும்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் குளத்தங்கரையே சைக்கிளாக இருந்தது. சங்கத்துக்காரர்கள் வயசு, தொழில் எதுவும் பார்க்காமல் எல்லோரையும் வரலாம் என்று கூப்பிட்டிருந்தார்கள். முதலில் வருகிறவனுக்குப் பரிசும் கிடையாது, ஏறினவனுக்கெல்லாம் ஒரு பூமாலை, அவ்வளவுதான். பால்காரர் வந்திருந்தார். தபால்காரர் யூனிபாரத்தோடு வந்திருந்தார். பஞ்சகச்சம் கட்டிய ஒரு வக்கீல் குமாஸ்தா குடையோடு வந்திருந்தார். சங்கத் தலைவர் தேகபலத்தைப் பற்றிப் பேசினார், பேசினார், முன்வரிசையில் இரண்டு பேர் மயங்குகிற வரைக்கும் பேசினார்.

எனக்குத் துணை காசிம். தெருவில் சட்டை தைக்கிறவன், என் சிநேகிதன். வாடகை சைக்கிள் எடுத்துக்கொண்டு வந்திருந்தான்.

"மச்சி, வெறும் வயித்துல வந்துக்கீறியா?"

"ஒரு டம்ளர் காப்பித் தண்ணி, அவ்ளோதான்."

"ஷாபாஷ். மலை ஏறி முடிச்சுட்டு மொத்தமா துன்னுக்கலாம்."

நல்ல திட்டம். மாம்பலம் வரைக்கும் நன்றாகத்தான் நடந்தது.

மாம்பலத்தில் சரோஜாவின் சித்தி வீடு ரோட்டு மேலேயே இருக்கிறது. எனக்குச் சின்னத்தை முறை. அந்த அம்மாள் நடுரோட்டில் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றாள். பிரேக் போட்டிருக்காவிட்டால் அன்றைக்கே அவள் எலும்பும் என் சம்பந்தமும் சேர்ந்து முறிந்திருக்கும்.

"அய்ய, மாப்ள வாச வழியா போய்க்கினே கீறாரு பாரு! எறங்கு நைனா, எறங்கு."

"சின்னத்தே, ஊர்கோலம் போய்க்கினு கீது. எல்லாரும் முன்னால பூட்டாங்க."

"போவட்டும். அவங்களுக்கா நான் ஆப்பம் ஊத்தி வெச்சுக்கீறேன்? ஒரு வாரமா ரேசன் அரிசிய ஒதுக்கி, உனுக்கோசரம் ஆட்டி வெச்சது. பாயாவும் கீது. வேணாம்னு சொல்லிட்டுப் போ. நான் எங்க அக்கா மொகத்துல எப்டி முழிக்கறதுன்னும் சொல்லிட்டுப் போ."

எங்கள் பக்கம் தாம்பூலம் மாற்றின மாப்பிள்ளை, பெண் வீட்டுச் சொந்தக்காரர் வாசலைத் தாண்டும்போது உள்ளே போய்ச் சாப்பிடாமல் போனால் அது சண்டைக்குச் சமானம். போனவன் திமிர் பிடித்தவன் என்று பேராகும், அந்தப் பேர் அவனுக்கு முன்னால் சைதாப்பேட்டைக்குப் போய்ச் சேரும். மாமா கணக்கில் நான் கேரியர்காரன். ஆனால் பெண்கள் கணக்கில் நான் முழு மாப்பிள்ளை. ஊரே அரைவயிறு சாப்பிடுகிற காலத்தில் ரேஷன் அரிசி ஆப்பத்தை வேண்டாம் என்று சொல்ல எவனுக்கு நாக்கு வரும்?

காசிம் என் காதோரம் வந்தான். "மச்சி, ஆப்பம் வேணாம்னா பொண்ணு போச்சு. ஆப்பம் துன்னா மலை போச்சு. எது வேணும் உனுக்கு?"

"ரெண்டும்."

"அப்ப ஒக்காரு. அந்தப் பாயாவ இப்டித் தள்ளு."

சாப்பிட்டேன். எழுந்தால் உட்கார வைத்தார்கள். உட்கார்ந்தால் ஊற்றினார்கள். ஒருவழியாகத் தப்பித்து சைக்கிளைத் தொட்டால், பெட்டிக்குள் ஒரு பூசணிக்காய் உட்கார்ந்திருந்தது. சின்னப் பூசணி இல்லை, தொப்பை போட்ட ஒரு ஆசாமி மாதிரி.

"இன்னா சின்னத்தே இது?"

"எங்க கூரையில காச்சது. நீ மலைக்குத்தானே போறே? பட்டாளத்தாண்ட குட்த்துடு. பொட்டி சும்மாத்தானே கீது."

(சும்மா இருப்பதற்காகத்தானே அம்மா பெட்டியைக் காலி பண்ணிக்கொண்டு வந்தேன்! இதைச் சொல்லவில்லை. மனசில் கத்தினேன்.)

அடுத்தது சைதாப்பேட்டை, பெண் வீடேதான். எனக்கு மாமியாராக வரப்போகிறவள், வாசலில் இலையோடு நின்றாள். இட்லி, வடகறி. நான் சின்னத்தை வீட்டில் சாப்பிட்டுவிட்டதாகச் சொன்னதுதான் தாமதம்.

"ஓகோ. தங்கச்சி ஊட்ல கை நனைப்பே, என் ஊட்ல நனைக்க மாட்டியா?"

நனைத்தேன். கதவுக்குப் பின்னால் வளையல் சத்தம் கேட்டது. சரோஜா பார்க்கிறாள் என்று தெரிந்ததும் வீரம் வந்து இன்னும் இரண்டு இட்லி கேட்டேன். (கேட்டது நானேதான். இதற்கு யார் மேலும் பழி போட முடியாது.)

புறப்படும்போது அத்தை ஒரு தூக்குச் சட்டியைக் கொண்டுவந்து என் கையில் மாட்டினாள். மூடியைத் திறக்காமலே தெரிந்தது, வஞ்சிர மீன் குழம்பு.

"அவருக்கு என் கை மீன் கொழம்புன்னா உசுரு. மேல போனதும் குட்த்துடு. நாங்களும் எலக்ட்ரிக் ரயிலப் புட்ச்சு வந்துடறோம்."

எனக்குப் பொறுக்கவில்லை. "அத்தே, நீங்களே ரயில்ல வரீங்க. கொழம்ப நீங்களே எட்த்தாரலாமே?"

அத்தை என்னை ஒரு அறிவில்லாதவனைப் பார்ப்பது போலப் பார்த்தாள். "ரயில்ல எட்த்தாந்தா சிந்திடாது? உனுக்கு அதானே தொழிலு?"

மர்மலாங் பாலத்தில் ஏறும்போதே எனக்கு மலை வந்துவிட்டது போல இருந்தது. காசிம் முன்னால் போய்க்கொண்டே திரும்பித் திரும்பிச் சிரித்தான். அவனும் என் கூடவே சாப்பிட்டவன்தான், ஆனால் அவன் மலையேறாவிட்டால் அவன் கல்யாணம் நிற்காது. அவனுக்குக் கல்யாணமாகி இரண்டு குழந்தைகள்.

கிண்டியில் சரோஜாவின் தாய்மாமன், பந்தயக் குதிரைகளைப் பார்த்துக்கொள்கிறவர். ரோட்டோரம் ஒரு சொம்போடு நின்றார். இவராவது ஓட்டம் தெரிந்தவர் ஆயிற்றே, விட்டுவிடுவார் என்று எனக்கு ஒரு நப்பாசை.

"மாமா, ஓடறதுக்கு முன்னால உங்க குதுரைக்கு இன்னா குடுப்பீங்க?"

"ஒண்ணும் குடுக்க மாட்டோம். வயிறு நெறஞ்சா எப்டி ஓடும்?"

"அப்ப எனக்கு மட்டும்?"

"குதுர எங்கூட்டு மாப்ளையா? குடி."

கேழ்வரகுக் கூழ். ஒரு சொம்பு முடிந்ததும் இன்னொன்று. ஏற்கெனவே உள்ளே இருந்த ஆப்பத்துக்கும் இட்லிக்கும் நடுவில் சந்து பொந்தெல்லாம் பார்த்து அந்தக் கூழ் போய் அடைத்துக்கொண்டது. அதோடு விட்டாரா? காலைக் கட்டின ஒரு நாட்டுக்கோழியை ஹாண்டில்பாரில் தலைகீழாக மாட்டினார். "பட்டாளத்தாருக்கு." அவ்வளவுதான் சொன்னார். எல்லோருக்கும் பட்டாளத்தாரைப் பார்த்துப் பயம், ஆனால் சமாதானப் பொருள் சுமக்கிறவன் மட்டும் நான்.

இப்படியாக, பின்னால் பூசணி, வலது பக்கம் குழம்பு, இடது பக்கம் கோழி, நடுவில் மூன்று வீட்டுச் சாப்பாடு என்று பரங்கிமலை அடிவாரத்துக்கு வந்து சேர்ந்தேன்.

நிமிர்ந்து பார்த்தேன். தினமும் தூரத்திலிருந்து பார்த்தபோது தலையணை மாதிரி இருந்த மலை அது. கிட்ட வந்து பார்த்தால் வானத்தை மறைத்துக்கொண்டு நிற்கிறது. படிக்கட்டு வழி ஒரு பக்கம் போயிற்று. சைக்கிள்காரர்கள் எல்லாம் மலையைச் சுற்றிக்கொண்டு ஏறுகிற வண்டிப் பாதையில் போனார்கள். போனார்கள் என்றால், முதல் திருப்பத்திலேயே ஒருவர் பாக்கியில்லாமல் இறங்கித் தள்ளிக்கொண்டு போனார்கள். மூளை உள்ளவர்கள்.

நான் மட்டும் மிதித்தேன். எழுந்து நின்று மிதித்தேன். சைக்கிள் நகர்கிறதா இல்லையா என்று தெரியவில்லை. தள்ளிக்கொண்டு நடந்தவர்கள் ஒவ்வொருவராக என்னைத் தாண்டிப் போனார்கள். குடை குமாஸ்தா குடையை விரித்துக்கொண்டு, ஒரு கையால் சைக்கிளைத் தள்ளியபடி என் பக்கத்தில் வந்தார்.

"ஏண்டாப்பா, எறங்கித் தள்ளிண்டு வரப்படாதோ?"

"எறங்கினா... கல்யாணம்... நின்னுடும் சாமி."

"கல்யாணத்துக்கா இத்தனை பாடு?" அவர் ஒரு நிமிஷம் யோசித்தார். "எறங்குடா. பின்னாடி என்னை நன்னியோட நெனச்சுப்பே."

அவரும் தாண்டிப் போய்விட்டார்.

கடைசித் திருப்பம். மேலே மாதா கோயில் சுவர் தெரிந்தது. சுவர் ஓரமாகப் பட்டாளத்து மாமா, மீசையும் பூட்ஸும் பளபளக்க, இடுப்பில் கை வைத்து நின்றார். அவர் பக்கத்தில் ரயிலில் வந்து இறங்கி, படி ஏறி, மூச்சுகூட வாங்காமல் நின்ற என் அத்தை. அத்தைக்குப் பின்னால் ஒரு பச்சைப் புடவைத் தலைப்பு. சரோஜா. இன்னும் ஒரு இருபது முப்பது மிதி மிதித்தால் போதும், பெண் எனக்குத்தான்.

அப்போதுதான் அந்தக் கோழி, கிண்டியிலிருந்து செத்தது போல் தொங்கிக்கொண்டு வந்த அந்தத் துரோகி, கால்கட்டை உதறிக்கொண்டு என் முகத்தில் பறந்தது.

எனக்குக் கண் தெரியவில்லை. வாயெல்லாம் இறகு. சைக்கிள் நின்றே விட்டது. காலைக் கீழே ஊன்று என்று உடம்பு சொல்லுகிறது. ஊன்றினால் தாம்பூலம் திரும்பும். ஊன்றாவிட்டால் விழ வேண்டும். நான் விழுவது என்று முடிவு செய்தேன். (முடிவு செய்தேன் என்று இன்றைக்குச் சொல்கிறேன். அன்றைக்கு மலைதான் முடிவு செய்தது.)

ஓரத்துச் செம்மண் மேட்டில் மல்லாக்க விழுந்தேன். கால் இரண்டும் ஆகாயத்தைப் பார்த்து நின்றன. பெட்டி திறந்து பூசணிக்காய் ரோட்டில் குதித்து, வந்த வழியே உருள ஆரம்பித்தது. பின்னால் தள்ளிக்கொண்டு வந்த ஜனமெல்லாம் "ஐயோ, வழி, வழி" என்று சைக்கிள்களைப் போட்டுவிட்டு ஓரம் ஒதுங்கியது. தபால்காரர் அதைத் தாண்டிக் குதித்ததைப் பார்த்தவர்கள் அவருக்குத்தான் பூமாலை போட்டிருக்க வேண்டும் என்று பிற்பாடு சொன்னார்கள். கீழே எங்கேயோ போய் அது டமால் என்று உடைந்த சத்தம் கேட்டது.

"திஷ்டி கழிஞ்சுது" என்று மேலிருந்து அத்தையின் குரல் கேட்டது.

மாமா பூட்ஸ் அதிர இறங்கி வந்தார். காசிமும் வந்தான். கூட்டமும் வந்தது. என்னைச் சுற்றி வட்டமாக நின்று குனிந்து பார்த்தார்கள். அந்த வட்டத்தில் பச்சைப் புடவையும் எட்டிப் பார்த்தது. தாம்பூலம் மாற்றி இத்தனை நாளில் சரோஜா என்னோடு ஒரு வார்த்தை பேசியது கிடையாது. அவள் என்னிடம் முதன்முதலாகப் பேசினது அப்போதுதான்.

"கொழம்பு சிந்திச்சா?"

எல்லோரும் அப்போதுதான் பார்த்தார்கள். நான் விழுந்தேனே தவிர, என் வலது கை நேராக நின்றுகொண்டிருந்தது. கையில் தூக்குச் சட்டி. தொழில் பழக்கம். நான் சிந்தலாம், குழம்பு சிந்தக் கூடாது.

"ஒரு சொட்டு சிந்தலம்மா" என்றேன் படுத்தபடியே.

மாமா சட்டியை வாங்கி மூடியைத் திறந்து முகர்ந்தார். முகம் ஒரு நொடி இளகியது போல இருந்தது. உடனே விறைத்துக்கொண்டது.

"சரி, ஆச்சு. வுயுந்துட்டான். தாம்பூலத்த எட்த்தாங்க."

"இருங்க பெரிய மாமா" என்றான் காசிம். "காலு தரையில படக் கூடாதுன்னுதானே சொன்னீங்க? பாருங்க, பட்டுச்சா?"

எல்லோரும் என் கால்களைப் பார்த்தார்கள். நான் இரண்டையும் இன்னும் கொஞ்சம் உயர்த்திக் காட்டினேன்.

"முதுகுதான் பட்டுது மாமா" என்றேன்.

"டேய், நான் இன்னா சொன்னேன், நீ இன்னா..."

"நீங்க சொன்னது அதான்" என்று அத்தை குறுக்கே வந்தாள். "நாலு பேரு முன்னால சொன்னீங்க. பட்டாளத்து வார்த்த."

"வழிய வுடுங்கய்யா" என்று கீழேயிருந்து பால்காரர் கத்தினார். "எவ்ளோ நேரம் நிக்கறது? அவன இப்டியோ அப்டியோ எட்த்துப் போங்க!"

இதற்கப்புறம் நடந்ததை நான் யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று வெகுநாள் வைராக்கியமாக இருந்தேன். காசிம்தான் மயிலாப்பூர் முழுக்கச் சொல்லிவிட்டான். சைக்கிளை நிமிர்த்தினார்கள். என்னைக் குழந்தையைத் தூக்குவது மாதிரி, கால் கீழே படாமல் தூக்கி சீட்டில் வைத்தார்கள். காசிம் ஹாண்டில்பாரைப் பிடித்தான். அத்தை பின்னாலிருந்து, "புடிங்க, புடிங்க, சாயுது" என்று கத்த, வேறு வழியில்லாமல் பட்டாளத்து மாமாவே சீட்டுக்குக் கீழே தோளைக் கொடுத்துத் தள்ளினார்.

"மெறிடா!"

"மெறிக்கிறேன் மாமா."

"எங்கடா மெறிக்கிற? நான்தான்டா தள்ளறேன்! இன்னாடா இந்தக் கனம் கனக்குற? இன்னாத்தத் துன்னுட்டு வந்தே?"

"மாம்பலத்துல ஆப்பம், பாயா. சைதாப்பேட்டைல இட்லி, வடகறி. கிண்டில கூழு. எல்லாம் உங்க சொந்தக்காரங்க ஊடுதான் மாமா. வேணாம்னா தப்பாயிடும்னு..."

மாமா தள்ளுவதை நிறுத்தாமலே திரும்பி அத்தையைப் பார்த்தார். "மலையேறப் போறவனுக்கா இத்தினி குட்த்தீங்க? அறிவு கீதா உங்களுக்கு?"

"மாப்ளைய வெறும் வயித்தோடயா அனுப்புவாங்க?" என்றாள் அத்தை. "ஒரு ஊட்லயாவது வேணாம்னு மொகத்தத் திருப்புனாரா? உங்க தம்பி கூட அந்த மாதிரி இருந்ததில்ல."

மாமா பல்லைக் கடித்துக்கொண்டு தள்ளினார். பேச மூச்சு இருந்தால்தானே.

உச்சிக்கு வந்து சேர்ந்தோம். மாமாவின் சட்டை நனைந்து தொப்பலாகிவிட்டது. மீசை இரண்டும் தொங்கிவிட்டன. அவர் சைக்கிளை விட்டுவிட்டு என் முன்னால் வந்து குனிந்து, முழங்காலில் கை வைத்து மூச்சு வாங்கினார். எனக்கு அவர் காலைத் தொட்டுக் கும்பிட வேண்டும் என்று தோன்றியது. நிஜமாகவே நன்றியோடுதான் இறங்கினேன். குனிந்தேன்.

குனிந்திருக்கக் கூடாது.

கிண்டி முதலில் வந்தது. அப்புறம் சைதாப்பேட்டை. கடைசியாக மாம்பலம். எல்லாம் அந்தப் பளபளக்கிற பூட்ஸ் மேல்.

பூமாலையோடு வந்த சங்கத் தலைவர் அப்படியே பின்வாங்கிப் போய்விட்டார். சரோஜா தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு குலுங்கினாள். அழுகிறாள் என்று நினைத்தேன். சிரிக்கிறாள் என்று கல்யாணத்துக்கு அப்புறம்தான் சொன்னாள்.

மாமா பூட்ஸைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கண்ணை மூடித் திறந்தார்.

"அடுத்த மொகூர்த்தம் எப்ப வருதுன்னு ஐயரக் கேளுங்க" என்றார். "அன்னிக்கே கட்டி வெச்சுடுங்க. இவன இன்னொரு தபா மலையேத்த என்னால ஆவாது."

கல்யாணம் நடந்தது. முதல் நாள் ராத்திரிப் பந்தியில் என் இலைக்குப் பின்னால் மாமா காவல்காரர் மாதிரி நின்றுகொண்டிருந்தார். பரிமாறுகிறவன் இரண்டாவது தடவை சாதத்தை அள்ளினதும், அவன் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். "போதும். மலை கீது." பந்தி முழுக்கச் சிரித்தது. நான் மட்டும் பசியோடு தாலி கட்டின மனுஷன்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் 'போதும்' என்ற சொல்லே கிடையாது. மாப்பிள்ளைகள், மருமகள்கள், பரங்கிமலை எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூடத் தெரியாத பேரப் பிள்ளைகள் எல்லோரும் இலையைக் கையால் மறைத்துக்கொண்டு "மலை கீது" என்றுதான் சொல்வார்கள். சரோஜாவும் சிரித்துக்கொண்டே கரண்டியை எடுத்துவிடுவாள்.

நான் சொன்னால் மட்டும் எடுக்க மாட்டாள். நேற்று ராத்திரிகூட இலையை மறைத்துக்கொண்டு, "சரோஜா, மலை கீது" என்றேன்.

"உன்னை அன்னிக்கே ஏத்தி வுட்டாச்சு" என்று கையைத் தட்டிவிட்டு ஊற்றினாள். "துன்னு."